வாத்துப் பத்தி

அடிகளை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

1. திங்கட்கிழமை காலை, நான்காம் வகுப்பு ஆசிரியர் ஒரு சிறுமியின் வலது உள்ளங்கையில் பிரம்பால் ஐந்து அடி அடித்தார்.
2. பத்து நிமிடம் கழித்து, அதே சிறுமியின் இடது கன்னத்தில் நான் அறைந்தேன். ஒரே அடி.
3. செவ்வாய்க்கிழமை காலை, சிறுமியின் அப்பா பள்ளிக்கூட வாசலில் வைத்து ஆசிரியரை அடித்தார். எத்தனை என்று எண்ணவில்லை. முதலில் சொன்ன ஐந்துக்காக அல்ல, இரண்டாவதாகச் சொன்ன ஒன்றுக்காக.
4. அன்று மாலை வீட்டில், அதே அப்பா அந்தச் சிறுமியை இரும்புக் கம்பியால் காலில் அடித்தார்.
5. மூன்று மாதம் கழித்து, சிறுமியின் அம்மா என்னை அறைந்தாள்.

இந்த ஐந்தும் நான் எழுதிய நான்கு வாக்கியங்களிலிருந்து வந்தவை. குளத்தில் இரண்டு வாத்துகள் இருந்தன. ஒரு நாள் பெரிய மழை பெய்தது. குளம் நிறைந்து வழிந்தது. வாத்துகள் கரைக்கு வந்தன.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அச்சுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் ஒன்றரை வருடம் வேலை பார்த்திருந்தேன். மெஷினிலிருந்து இறங்கும் தாளைச் சரிபார்ப்பது என் வேலை. காலண்டர், டைரி, தீப்பெட்டி லேபிள் என்று நாள் முழுவதும் குறை தேடும் கண். பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு வாசிக்கிறார்கள், எவ்வளவு பிழையில்லாமல் எழுதுகிறார்கள் என்று சோதித்து, பின்தங்கியவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆனைக்குட்டம் பக்கம் சில பள்ளிகள் என் பொறுப்பில் வந்தன.

சோதனைத் தாள் ஒரு பக்கம்தான். மேலே எழுத்துகள், அதன் கீழே சொற்கள், பிறகு வாக்கியங்கள், கடைசியில் ஒரு பத்தி. பிள்ளையை முதலில் பத்தியை வாசிக்கச் சொல்ல வேண்டும். வாசித்துவிட்டால் மற்றவற்றைக் கேட்க வேண்டாம், பெயருக்கு நேராக 'பத்தி' என்று குறித்துவிடலாம். தடுமாறினால்தான் வாக்கியம், சொல், எழுத்து என்று படியிறங்க வேண்டும். அது முடிந்ததும் பத்துச் சொற்களை நாம் சொல்ல, பிள்ளை எழுத வேண்டும். அச்சகத்தில் இருந்தவள் என்பதால் தாளை எழுதி அச்சடித்து வாங்கும் பொறுப்பையும் என்னிடமே விட்டார்கள்.

முதல் கட்டு அச்சாகி வந்தபோது தாளின் பின்பக்கத்தில் மை ஒட்டியிருந்தது. மை காய்வதற்குள் அடுக்கிவிட்டார்கள். நான் கட்டு முழுவதையும் வேண்டாமென்றேன். மெஷின்காரர் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, பிள்ளைக வாசிக்கத்தான? என்னமோ உங்க கல்யாணப் பத்திரிகை மாதிரில்ல பாக்கீக."

மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். கழித்த கட்டை ஒருவர் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். தேர்வுத் தாள் மாதிரியான வேலையில் கழித்த தாளைக் குறுக்கே வெட்டிய பிறகுதான் அச்சகத்தை விட்டு வெளியே அனுப்ப வேண்டும். இதை நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். அன்று அந்தக் கட்டு எங்கே போகும் என்று கேட்கவில்லை.

ஜூலையில் சோதனை நடத்தினேன். அந்த ஊர் நான்காம் வகுப்பில் ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் பத்தியை வாசித்தார்கள். அவர்களில் ஒருத்திதான் மேலே சொன்ன சிறுமி. ஒன்பது வயது, முன்பல் இரண்டும் பெரிது. தாளில் விரலை வைத்து நகர்த்தியபடி நான்கு வாக்கியங்களையும் நிறுத்தாமல் சொன்னாள். விரல் சொல்லுக்குச் சொல் நிற்காமல், ஒரே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்தேன். மற்றொரு கை மடியில் அசைந்துகொண்டே இருந்தது. அதையும் பார்த்தேன். சொல்வதை எழுதும் சோதனையில் பத்துக்கு ஒன்றும் தேறவில்லை. 'ப'வும் 'ட'வும் மாறி மாறி வரிசையாக நின்றன. வாசிப்பு முதலில் வரும், எழுத்து பின்னால் வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதை நினைத்துக்கொண்டு 'பத்தி' என்று குறித்தேன்.

பட்டியலைப் பார்த்துவிட்டு வகுப்பாசிரியர் என்னிடம் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். எப்போதும் ஆளுக்கு முன்னால் பிரம்புதான் வகுப்புக்குள் நுழையும்.

"இவளுக்குப் 'ப' எது, 'ம' எதுன்னே தெரியாதும்மா. நீங்க பத்தின்னு போட்டிருக்கீக."

நான் அவளைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே மறுபடி வாசிக்கச் சொன்னேன். தடங்கலின்றிச் சொன்னாள். பயமுறுத்தாமல் கேட்டால் வாசிக்கிறாள் சார் என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவள் வாசிக்கிறாளா இல்லையா என்பது வீட்டில் முக்கியமான கேள்வியாக இருந்தது. அவளுடைய அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அம்மாவோடு சேர்ந்து வீட்டில் வெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி மறுபடி திறக்கும்போது அக்கா பேக்கிங் வேலைக்கு வேனில் ஏறிவிடுவாள். வீட்டில் அவள் இடத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். சின்னவள் வாசிக்கிற பிள்ளையாக இருந்தால் படிக்கட்டும், இல்லையென்றால் உட்காரட்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். நான் 'பத்தி' என்று குறித்ததை அவரிடம் போய்ச் சொன்னவளும் நான்தான். அவர் சிரித்துவிட்டு எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, மறுசோதனைக்காகக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் கையில் வேறு தாள் இருந்தது. அதில் ஓர் ஆட்டின் படம், படத்தின் கீழே ஆட்டைப் பற்றிய பத்தி. சிறுமியைத்தான் முதலில் கூப்பிட்டார். அவள் ஆட்டின் மேல் விரலை வைத்தாள்.

"குளத்தில் இரண்டு வாத்துகள் இருந்தன."

அதிகாரி சிரித்தார். இவளை விட்டால் ஆட்டை நீந்த வைத்துவிடுவாள் என்றார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் நிறுத்தாமல் நான்கு வாக்கியத்தையும் முடித்தாள், மடியில் கை அசைந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அதிகாரியின் சிரிப்பு நின்றது. பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்து அரசாங்கத்தையே ஏமாற்றுகிறீர்களா என்று வகுப்பாசிரியரைப் பிள்ளைகள் முன்னால் கேட்டார். தாளைச் சுருட்டி மேசையில் எறிந்துவிட்டு ஜீப்பில் ஏறினார். பட்டியல் என்னுடையது என்று நான் சொல்லியிருக்கலாம். ஜீப் கிளம்பும் வரை சொல்லவில்லை.

ஜீப் சத்தம் அடங்கியதும் ஆசிரியர் அவளைக் கை நீட்டச் சொன்னார். ஐந்து அடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் கையை உதறிவிட்டு மறுபடி நீட்டினாள்.

நான் அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குனிந்து, மெதுவாகத்தான் கேட்டேன். யார் இதைச் சொல்லிக் கொடுத்தது, உள்ளதைச் சொல்லு, யார் என்று மூன்று தடவை கேட்டேன். அவள் வீங்கிய கையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். என்னிடமிருந்து அவளுக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். அதையே சொன்னாள்.

"குளத்தில் இரண்டு வாத்துகள்..."

அறைந்தேன். அதற்கு முன்னால் யாரையும் நான் அறைந்ததில்லை. கை எரிந்தது. நான்கு விரலும் தனித்தனியாகக் கன்னத்தில் எழும்பி வந்ததைப் பார்த்தேன். அவள் அழவில்லை. நான் போய் மாணவர் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்தேன்.

மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்த நேரம். அவளுடைய அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். லாரியில் லோடு ஏற்றுகிறவர், பெட்டி தூக்கித் தூக்கித் திரண்ட கை. வகுப்பாசிரியரை வெளியே கூப்பிட்டார்.

"கையில அடிச்சீக, சரி. படிக்கலைன்னா அடிக்கத்தான் செய்வீக. பொம்பளப் பிள்ளைய மூஞ்சியில அடிக்க உமக்கு யாருய்யா சொன்னது?"

"மூஞ்சியில நான் அடிக்கல."

"அப்ப அது தானா வீங்குச்சோ?"

முதல் குத்தில் ஆசிரியரின் கண்ணாடி போனது. இரண்டாவதில் அவர் சுவரில் மோதினார், காதோரம் கிழிந்து சட்டைக் காலர் சிவந்தது. நான் அடிக்கல, நான் அடிக்கல என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை சொன்னதற்கும் தனியாக ஓர் அடி விழுந்தது. தலைமையாசிரியை ஓடிவந்து நடுவில் விழுந்தார். நான் ஐந்தாறு அடி தள்ளி, சொற்கள் எழுதிய அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே கிடந்த ஆசிரியர் கண்ணாடியில்லாத கண்ணால் என்னைப் பார்த்தார். வராந்தாவுக்கு அவளைக் கூட்டிப் போனது யார் என்று அவருக்குத் தெரியும். என் வாய் திறக்கவில்லை.

போலீஸுக்குப் போக வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். புதன்கிழமை அவரும் வரவில்லை, சிறுமியும் வரவில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் தகரப் பந்தல். அதன் கீழே அம்மாவும் அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சிறுமி சுவரோரம் கால் நீட்டியிருந்தாள், முழங்காலுக்குக் கீழே கம்பித் தழும்பு இரண்டு. பொய் சொல்லி வாசித்ததற்காக அப்பா அடித்தாராம். தூரத்தில் எங்கோ வெடியைப் போட்டுச் சோதிக்கும் சத்தம் கேட்டது, யாரும் நிமிரவில்லை. அக்கா ஒரு காகிதத் துண்டைக் கம்பியில் சுற்றி, ஓரத்தில் பசை தடவி உருட்டினாள். உருட்டும்போது சொன்னாள்:

"குளத்தில் இரண்டு வாத்துகள் இருந்தன."

கம்பியை உருவினாள், ஒரு குழாய். அம்மா அடுத்ததை உருட்டி, பெரிய மழை பெய்தது என்றாள். பக்கத்து வீட்டுக்காரி குளத்தை நிறைத்தாள். கடைசிப் பெண் வாத்துகளைக் கரையேற்றினாள். நான்கு குழாய். திரும்பவும் முதலிலிருந்து.

பலகைக்குப் பக்கத்தில் கம்பெனி ஏஜென்ட் கொண்டுவந்து போட்ட கழிவுத்தாள் கட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் மை ஒட்டிய என் தாள். குழாய்க்கு வேண்டிய அளவில் வெட்டியதில் எழுத்துகளும் சொற்களும் தனித்தனித் துண்டாகப் போயிருந்தன. பத்தி மட்டும் ஒரு துண்டில் முழுதாக வந்திருந்தது. அக்கா வாசிக்கத் தெரிந்தவள். பொழுது போகாமல் ஒரு நாள் அதை வாசிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொள்ள, வேலைக்கு அது தோதாக அமைந்துவிட்டது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு குழாய். தெரு முழுக்க அப்படித்தான் உருட்டினார்கள். மடியில் அசைந்த கை என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது.

புதிய பட்டியல் எழுதினேன். அந்தத் தெருப் பிள்ளைகளை மறுபடி சோதித்து, பெரும்பாலோரை 'எழுத்து' என்ற படிக்கு இறக்கினேன். தாள் எப்படி வெளியே போனது என்பதை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அறைந்ததை எழுதவில்லை. அப்பாவிடம் போய், தீபாவளிக்குப் பிறகு கம்பெனி திறக்கும்வரை அவளைப் பள்ளிக்கு விடுங்கள், அதற்குள் வாசிக்க வைக்கிறேன் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அன்றைக்கு இவ்வளவுதான் சொன்னார்: "திறக்கிற அன்னைக்கு அந்த சாரையும் கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன்."

பாடப் புத்தகம் அவளுக்கு ஆகவில்லை. அச்சடித்த எதைக் காட்டினாலும் முகத்தைத்தான் பார்த்தாள், தாளைப் பார்க்கவில்லை. அதனால் வேறு முறைக்குப் போனேன். அவள் வீட்டிலோ தெருவிலோ நடந்த ஒன்றை அவளே சொல்ல வேண்டும். அவள் சொன்னபடியே நான் அட்டையில் எழுதுவேன். சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போடுவேன். அவள் அடுக்கி வாசிக்க வேண்டும். பிறகு அட்டையைக் கவிழ்த்துவிட்டு நோட்டில் எழுத வேண்டும். எந்த எழுத்தில் பிழை வருகிறதோ அதை மட்டும் அடுத்த நாள் எடுப்போம்.

ஆடு பசையத் தின்னுருச்சு. இதுதான் அவள் முதலில் வாசித்த வாக்கியம், ஒன்பது நாளானது. அப்பா சார அடிச்சாரு. கண்ணாடி ஒடஞ்சுச்சு. கம்பி சுட்டுச்சு. வேறு ஏதாவது சொல்லேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு நடந்தது இதுதான். அடியைப் பற்றிய வாக்கியங்களில் அவள் விரல் சொல்லுக்குச் சொல் நின்றது.

தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு நாள், அட்டையை நீட்டி, இன்றைக்கு என்ன என்று கேட்டேன்.

"மிஸ் என்னையக் கன்னத்துல அடிச்சாக."

இதை எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

"நடந்ததத்தான சொல்லச் சொன்னீக."

எழுதினேன். நான்கு துண்டாக வெட்டினேன். ஒரு துண்டு கோணலாகப் போனது. அவள் இரண்டாவது முயற்சியில் அடுக்கி வாசித்தாள். நோட்டில் எழுதும்போது 'கன்னத்துல' என்பதில் ஓர் 'ன்' விட்டுப்போனது. மறுநாள் அதைத் திருத்தினோம். துண்டுகளை அவள் தன் ஜியாமெட்ரி டப்பாவில் வைத்துக்கொண்டாள். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதில்லை.

கம்பெனி திறக்கிற நாள் வந்தது. காலையில் வேன் வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போனது. மாலை நானும் வகுப்பாசிரியரும் போனோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். காதோரத் தையல் ஆறி வெளுத்திருந்தது.

பந்தலின் கீழே அக்காவின் பலகை காலியாக இருந்தது. அப்பா தாள் கட்டிலிருந்து ஒரு துண்டை உருவி மகளிடம் கொடுத்தார். அது ஏதோ மருந்துப் பெட்டியின் குறிப்பு. அவள் இரண்டு சொல் வாசித்தாள், மூன்றாவதில் நின்றாள். இதுவும் பெரியவள் வாசித்துக் கேட்டதாக இருக்கும் என்று அப்பா துண்டைக் கீழே போட்டார். நான் பாடப் புத்தகத்தை எடுத்தேன். அவர் அதைத் திறக்கவே விடவில்லை.

"அச்சுல வந்தது எதுவும் வேண்டாம். அம்புட்டும் இந்த வீட்டுக்குள்ள வந்துட்டுத்தான் போகுது."

சிறுமி டப்பாவைத் திறந்தாள். என் கையெழுத்தில் இருந்த துண்டுகளைத் தரையில் கொட்டினாள். எந்த வாக்கியம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா குனிந்து அவற்றைத் தன் கையாலேயே கலைத்தார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தாள், ஒன்றை வைத்துவிட்டு மாற்றினாள். பிறகு விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். மடியில் கை அசையவில்லை.

அப்பா ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் புதுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் நிமிர வெகுநேரம் ஆனது போலிருந்தது.

"எழுதியிருக்கிறதத்தான் வாசிக்கா."

"எந்த மிஸ்?" என்று அப்பா கேட்டார்.

"நான்தான்," என்றேன். மூன்று மாதம் தாமதம்.

அப்பா துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசியது என்னிடம் அல்ல, மனைவியிடம்.

"வாத்து, மீனுன்னு எதையும் சொல்லிக் குடுத்து ஒப்பிக்க வைக்கலாம். தன்னையப் பத்தி இப்படி எவளும் சொல்லிக் குடுக்க மாட்டா. இது பிள்ள தானா வாசிச்சதுதான்."

அம்மா பலகையிலிருந்து எழுந்தாள். என் முன்னால் வந்து நின்று, ஒரு தடவை அறைந்தாள். கையில் மைதாப் பசை இருந்தது.

"எம்பிள்ளைக்கு எம்புட்டு எரிஞ்சிருக்கும்," என்றாள். திரும்பிப் போய், பாதியில் விட்ட குழாயை எடுத்து உருட்டினாள்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரிடம், ஆளு மாத்தி அடிச்சுட்டேன் சார் என்றார். ஆசிரியர், கையில் அடித்தது நான்தான் என்றார். காலிப் பலகையில் யார் உட்காருவது என்று அம்மா கேட்டாள். லோடு இல்லாத நேரம் நான் உருட்டுகிறேன், சின்னவள் பள்ளிக்கூடம் போகட்டும் என்றார் அப்பா.

ஊருக்கு வரும் பஸ்ஸில் கன்னத்தில் பசை காய்ந்து இழுத்தது. துடைக்கவில்லை. மறுநாள் அறைந்ததையும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மார்ச்சோடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது நான் மறுபடி அச்சகத்தில் இருக்கிறேன். சோதனைத் தாள், வினாத்தாள் எது கழிந்தாலும் என் எதிரில் குறுக்கே வெட்டிய பிறகுதான் வெளியே போகிறது. வகுப்பாசிரியர் அதே பள்ளியில் இருக்கிறார். சில மாதம் பிரம்பைத் தொடாமல் இருந்தார், பிறகு தொட்டார். அக்கா பேக்கிங்கில் இருக்கிறாள். சிறுமி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். மெதுவாக வாசிக்கிறாள். சொல்வதை எழுதினால் பத்துக்கு ஆறு, ஏழு சரியாக வருகிறது. வழியில் என்னைப் பார்த்தால் நின்று பேசுவாள். நான் அவளிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.